காணாமற்போன ஈட்டிக்காரன்

தாயக்கட்டைகள் இரண்டும் மேசையில் உருண்டு, தக்கையால் செய்த சுவரில் முட்டி நின்றன. இரண்டிலும் ஒன்று.

நான் விளையாட்டின் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். சண்டையில் விழுந்த ஒவ்வொருவனுக்கும், சண்டை முடிந்தபின் கட்டை உருட்டிப் பார்க்க வேண்டும். காயம் ஆறலாம், கை போகலாம், எதிரியிடம் பிடிபடலாம், சாகலாம். இரண்டும் ஒன்றாக விழுந்தால் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. அதுவரை அப்படி விழுந்ததில்லை.

அட்டவணையில் அதற்கு நேரே ஒரேயொரு இத்தாலியச் சொல் இருந்தது. திஸ்பேர்சோ.

"என்ன போட்டிருக்கு?" என்றார் மரியதாஸ் அண்ணை.

"காணாமல் போயிட்டான் எண்டு போட்டிருக்கு, அண்ணை."

அந்த உருவம் அவர் விரல்களுக்கிடையில் இருந்தது. பெருவிரல் உயரம்கூட இல்லாத ஈயப் பொம்மை. தலைக்குப் பொருந்தாத பெரிய கவசத்தோடு, ஈட்டி பிடித்து நிற்கும் மெலிந்த பெடியன். சின்னவன் என்று பெயர் வைத்திருந்தார்.

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. கூட்டத்திலை இருந்து எடுத்துவிட வேணுமாம். செத்தவனுக்குச் செய்யிற மாதிரி."

"காணேல்லை எண்டால் செத்ததோ?"

"விதியிலை அப்பிடித்தான் கிடக்கு..."

"ஆர் எழுதின விதி?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். வெளியே பல்லரோ சந்தையில் மீன்காரன் ஒருவன் ராகம் போட்டுக் கூவிக்கொண்டிருந்தான். மரியதாஸ் அண்ணை சின்னவனைச் சட்டைப்பையில் போட்டார். கதவின் பின்னால் தொங்கிய ஜாக்கெட்டை எடுத்தார். வெளியே போய்விட்டார்.

அது அவருடைய அறை. வாடகைக்காரன் கோபித்துக்கொண்டு போய்விட, விருந்தாளிகள் நானும் வீராசாமியும் உள்ளே இருந்தோம். திறப்பும் அவரிடம். பூட்டாமல் போகவும் மனமில்லை, இருக்கவும் முடியவில்லை.

வியாழக்கிழமை

சென்ற வாரப் பத்தியில் என் எசமானி சிஞ்ஞோராவின் வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். 'லீவு நாளில் என்ன செய்வீர்கள்?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பொம்மைச் சண்டை பிடிப்போம் என்பதுதான் பதில். சிரிக்கமாட்டீர்கள் என்றால் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பலெர்மோவில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. மற்ற நாட்களில் நான் சிஞ்ஞோராவின் சமையலறைக்குப் பக்கத்து அறையில் சீவித்தேன். அதன் ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். சாம்பல் நிறச் சுவர், மழை பெய்தால் கறுப்பாகும். எனக்குக் காலநிலை தெரிந்தது அவ்வளவுதான்.

சிஞ்ஞோரா நல்லவர். ஆனால் அவரோடு கதைக்க எனக்கு இருந்த இத்தாலியன் உப்பு, வாளி, மாத்திரை, கதவு என்ற அளவில் முடிந்துவிடும். ஒரு கிழமை முழுக்கத் தமிழ் பேசாமல் இருந்துவிட்டு வியாழன் வெளியே வந்து யாரையாவது கண்டால் முதல் வார்த்தை கரகரத்துத்தான் வரும். கபோச் சந்தையில் சிஞ்ஞோராவுக்குக் கத்தரிக்காய் வாங்கும்போது, எனக்கு நானே தமிழில் விலை பேசிப் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமைகளில் எங்கடை ஆட்கள் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்கு முன்னால் கூடுவார்கள். நானும் போய் நிற்பேன். "பெர்மெஸ்ஸோ வந்திட்டுதோ?" என்று ஒருவர் கேட்பார். "இன்னும் இல்லை." "குவெஸ்தூராவிலை என்ன சொன்னவங்கள்?" "பிறகு வரட்டாம்." வதிவிட அனுமதியையும் பொலிஸ் கந்தோரையும் விட்டால், அதற்குமேல் கேட்க ஒன்றுமிருக்காது. பேச்சு முடிந்தபிறகும் போக இடமில்லாததால் நிற்போம். ரயில்கள் வரும், போகும். ஒருவரும் எங்களுக்காக இறங்குவதில்லை.

நான் மன்னார்க்காரன். கூச்சம் கூடியவன். கூட்டத்தில் நின்றால் எனக்குத் தனிமை இன்னும் கூடுமே தவிரக் குறையாது. அது அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

உடைந்த படை

கபோவுக்குப் பின்னால் சிஞ்ஞோர் பினோவின் கடை இருந்தது. பொம்மை ரயில், பசை, தூரிகை, பிறகு இந்த ஈய உருவங்கள். கிழமையில் ஒருநாள் காலை, சிஞ்ஞோராவின் அனுமதியோடு, அங்கே கூட்டித் துடைக்கப் போவேன். கண்ணாடி அலுமாரிக்குள் பூதங்களும் வாள்வீரர்களும் தலைப்பாகை கட்டிய மந்திரவாதிகளும் நிரை நிரையாக நிற்பார்கள். தூசி தட்டும் சாட்டில் ஒவ்வொருவராகப் பார்ப்பேன்.

ஒருநாள் பினோ ஒரு சப்பாத்துப் பெட்டியை என்னிடம் நீட்டினார். வார்ப்பில் பிழைத்தவை எல்லாம் அதற்குள் கிடந்தன. வாள் வளைந்தவன், ஒரு காது இல்லாத பூதம், முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாத வில்லாளி. அடியில், அட்டை கிழிந்த பழைய விதிப் புத்தகம் ஒன்று.

"விற்க ஏலாது, எடுத்துக்கொண்டு போ" என்று கையால் சொன்னார்.

சிஞ்ஞோரா மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் அகராதியை வைத்து அந்தப் புத்தகத்தைத் தமிழாக்கினேன். என் இத்தாலியன் பாதி அதிலிருந்து வந்ததுதான். 'திருகாணி' என்பதற்கு முன் எனக்குக் 'கைக்கோடரி' தெரியும். குவெஸ்தூராவில் ஒருமுறை, வரிசையில் நிற்கிறேன் என்று சொல்ல நினைத்து, போர் அணிவகுப்பில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். அன்று மட்டும் என்னை அதட்டவில்லை.

விளையாட இன்னும் ஆள் வேண்டுமே. மரியதாஸ் அண்ணை ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். ஊரிலே தீவுப் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஸ்தாசியோனேயில் என்னைப் போலவே ஓரமாக நிற்பவர் என்பதால் பழக்கம். பையிலிருந்த பூதத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதை வைச்சு என்ன செய்யிறது?"

"கதை செய்யலாம், அண்ணை."

"என்ரை அறையிலை மேசை இருக்கு" என்றார்.

மற்றவர் வீராசாமி. மொரீஷியஸ்காரர். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். கோவில் பாட்டு முழுக்கப் பாடமாகப் பாடுவார், ஆனால் தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாது. மேசையில் இத்தாலியனும் கைப்பாஷையும்தான். தோற்றால் மட்டும் தன் ஊர்க் கிரியோலில் திட்டுவார். உருவங்களுக்கு வர்ணம் தீட்டியதும் அவர்தான். தன் எசமானி எறிந்த நகப்பூச்சுக் குப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். அதனால் எங்கள் பூதங்கள் எல்லாம் இளஞ்சிவப்பு.

கடல் வற்றிய பட்டினம்

மேசையில் சிஞ்ஞோராவின் பழைய இஸ்திரிக் கம்பளம். அதன்மேல் தோடம்பழப் பெட்டிப் பலகைகளாலும் போத்தல் தக்கைகளாலும் ஒரு நகரம் கட்டினேன். கடல் வற்றிப்போன பட்டினம். கப்பல்கள் தெருவில் சாய்ந்து கிடக்கும். இரவில் ஒளிரும் உப்புக்கல்லைத் தேடி மூன்று கூட்டங்கள் வருகின்றன. ஆளுக்கொரு கூட்டம். பட்டினத்தையும் அதிலிருக்கும் பேய் பிசாசுகளையும் நானே நடத்துவேன். தையல்காரரின் அளவுநாடாவால் தூரம் அளந்து, கட்டை உருட்டி, கிழமைக்கு ஒரு சண்டை.

சண்டையிலிருந்து ஓடிவந்தவர்கள் சண்டையை விளையாடினோமா என்று கேட்பீர்கள். எனக்கும் அது உறுத்தியது. நாங்கள் பேசி வைக்கவில்லை, ஆனால் சில சொற்கள் அந்த மேசைக்கு வந்ததேயில்லை. ஆமி என்று சொல்லமாட்டோம். இயக்கம் என்று சொல்லமாட்டோம். கூட்டம், ஆட்கள், பிசாசு. அவ்வளவுதான். மரியதாஸ் அண்ணை எப்போதும் பின்வாங்கித்தான் ஆடுவார். உப்புக்கல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆட்கள் எல்லாரும் மேசை ஓரத்துக்கு வந்து சேரவேண்டும்.

"இப்பிடி ஆடினால் எப்பவண்ணை வெல்லுறது?"

"எல்லாரும் வந்திட்டாங்களோ? அப்ப வெண்டாச்சு."

தாள்

சண்டை முடிந்ததும் அதை நான் எழுதுவேன். சிஞ்ஞோரா தூங்கும் மத்தியானங்களில், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு எழுதுவேன். முதலில் 'இன்னார் இன்னாரை வெட்டினார்' என்று தொடங்கியது. போகப்போகக் கை கூடிவிட்டது. அதில் ஒன்று இன்னும் நினைவிருக்கிறது:

'மொட்டைத் தளபதி கப்பலின் சாய்ந்த தளத்தில் ஏறி நின்றார். கீழே பூதம். மேலே மழை. தமது ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஆட்கள் ஏற்கனவே ஓடியிருந்தார்கள்.'

மொட்டைத் தளபதி வீராசாமியின் ஆள். அதை இத்தாலியனில் சொல்லிக் காட்டியபோது அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பி எடுத்து இருவருக்கும் கொடுப்பேன். மரியதாஸ் அண்ணை தன்னுடையதைத் தேவாலயத்தில் நடக்கும் ஞாயிறு தமிழ்ப் பூசைக்குக் கொண்டுபோனார். மண்டபத்தில் தேத்தண்ணி கொடுக்கும் செலின் அக்கா அதை வாங்கி வாசித்தார். அடுத்த ஞாயிறு என்னைக் கண்டதும், "தளபதி தப்பினவரோ?" என்று கேட்டார். பிறகு பிறகு ஐந்தாறு கொப்பி எடுக்கவேண்டி வந்தது. விளையாட்டைக் கண்ணாலும் கண்டிராத ஆட்கள், "இந்தக் கிழமைத் தாள் எங்கை?" என்று கேட்பார்கள்.

எனக்கு அது எப்படியிருந்தது என்று சொல்லவேண்டும். என்னை ஒருவருக்கும் தெரியாது. தளபதியை எல்லாருக்கும் தெரியும். மண்டபத்தில் ஒரு மூலையில் தேத்தண்ணியோடு நின்று, என் சொற்கள் மற்றவர்கள் வாயில் போய்வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். யாரும் என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. ஆனாலும் நான் அந்த அறையில் எங்கும் இருந்தேன்.

செலின் அக்கா சொன்னது

சின்னவன் காணாமற்போன அந்த வியாழன், இருட்டும் முன் மரியதாஸ் அண்ணை திரும்பி வந்தார். எங்களைப் பார்த்து, "இன்னும் போகேல்லையோ?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் எழுந்து போனோம். அடுத்த வியாழன் அவர் கதவு பூட்டியிருந்தது. ஞாயிறு பூசைக்கும் வரவில்லை.

தாளும் வரவில்லை. நான் எழுதவில்லை. பேனையை எடுத்தால் சின்னவன் என்ன ஆனான் என்ற அந்த ஒரு வரியில் நின்றுவிடும்.

செலின் அக்கா என்னை மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவரும் மரியதாஸ் அண்ணையின் தீவுதான்.

"என்ன நடந்தது உங்களுக்குள்ளை?"

சொன்னேன். பொம்மை, கட்டை, திஸ்பேர்சோ. சொல்லச் சொல்ல எனக்கே சிறுபிள்ளைத்தனமாகக் கேட்டது. அக்கா சிரிக்கவில்லை.

"அவன்ரை தம்பியாரைப் பற்றி உனக்குத் தெரியாதோ?"

"தம்பியோ? அண்ணை ஒண்டும் கதைக்கிறேல்லை, அக்கா."

"கதைக்க மாட்டான். சைக்கிளிலை போன பெடியன். வரேல்லை. எத்தினையோ இடத்திலை கேட்டாச்சு. தாய் இண்டைவரைக்கும் செத்தவைக்குக் குடுக்கிற பூசை குடுக்க விடேல்லை."

வாளியில் கோப்பைகளை அலசிக்கொண்டே அக்கா கேட்டார்: "இப்ப தாளிலை என்ன எழுதப் போறாய்?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. செத்தான் என்று எழுதினால் அதை மண்டபம் முழுக்க வாசிக்கும். திரும்பி வந்தான் என்று எழுதினால் மரியதாஸ் அண்ணை என் முகத்தில் முழிக்கமாட்டார். அவர் ஏமாற்றப்பட விரும்புகிறவர் இல்லை.

பல நாள் யோசித்துக் கடைசியில் எழுதியது சிறிய தாள். 'ஈட்டிக்காரன் சின்னவனைக் காணவில்லை. மூன்று கூட்டமும் சண்டையை நிறுத்திவிட்டு அவனைத் தேடிப் போகின்றன. வியாழக்கிழமை.' அதை அவர் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

தேடிப் போனது

வியாழன் போனபோது கதவு திறந்திருந்தது. மேசையில் கம்பளம் விரித்து, நகரத்தை அவரே அடுக்கி வைத்திருந்தார். தெருக்கள் எல்லாம் சரியான இடத்தில்.

"ஒண்டு சொல்லுறன்" என்றார். "எனக்காண்டிப் புழுகக் கூடாது. கட்டை என்ன சொல்லுதோ அதுதான்."

"சரி, அண்ணை."

விதிப் புத்தகத்தில் தேடுவதற்கு விதி இல்லை. நானே ஒன்று வகுத்தேன். ஒவ்வொரு வீடாக, கப்பலாகப் போய்ப் பார்க்கவேண்டும். பட்டினம் முழுக்கத் தேடி முடிந்ததும் ஒருதடவை கட்டை உருட்டலாம். இரண்டிலும் ஆறு விழுந்தால் கண்டுபிடித்தாயிற்று. சுலபமாக வைத்திருக்கலாம். ஆனால் சுலபமாக வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பின்னேரம் மேசையில் ஒருவரும் ஒருவரை வெட்டவில்லை. வீராசாமி தன் தளபதியைக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்தார். "க்வி நோ" என்றார். இங்கே இல்லை. இளஞ்சிவப்புப் பூதங்களைக்கூடத் தேடவிட்டேன். மரியதாஸ் அண்ணை ஒவ்வொரு தக்கை வீட்டையும் தூக்கி உள்ளே பார்த்தார். வெறும் தக்கைதான் என்று அவருக்குத் தெரியும். தூக்கிப் பார்த்தார்.

கட்டையை அவரே உருட்டினார். நான்கும் இரண்டும்.

வீராசாமி கிரியோலில் ஏதோ முணுமுணுத்தார். நான் அண்ணையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி" என்றார் அவர். "தேடினம்தானே."

என்னை ஸ்தாசியோனேவரை நடந்து கொண்டுவந்து விட்டார். அந்த வழியில்தான் முதல்முதல் கதைத்தார். தம்பியின் பெயர் அமலதாஸ். தண்ணீர்ப் பம்புக்கு ஒரு சாமான் வாங்கப் போனவன். எப்போதும் அண்ணனுடைய சட்டையைத்தான் போடுவான், தோள் இரண்டும் கீழே தொங்கும், சொன்னாலும் கேட்கமாட்டான். "சைக்கிளும் வரேல்லை" என்றார். இரண்டு தடவை சொன்னார். எங்கள் ஆட்களில் மூத்தவர்கள் எல்லாரும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் மட்டும் ஏன் எப்போதும் பெயரைச் சொல்லி றெஜினோல்ட் என்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பஸ் வந்தது. ஏறப்போன என் கையைப் பிடித்தார்.

"தாளிலை என்ன எழுதுவாய்?"

"தேடினம், கிடைக்கேல்லை எண்டு."

"அதோடை நிப்பாட்டு. இனிக் கிடைக்காது எண்டு எழுதாதை."

தனியே

அந்தக் குளிர்காலத்தில் மரியதாஸ் அண்ணைக்கு வடக்கே மொதெனாவில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. போகும்போது சின்னவனை என்னிடம் தந்தார். "நீதான் தேடுறனி. உன்னட்டை இருக்கட்டும்." வீராசாமி தங்கையின் கலியாணத்துக்கு மொரீஷியஸ் போனவர் திரும்பவில்லை. எசமானி வேறு ஆளை எடுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

செலின் அக்கா சாமியாரிடம் கேட்டு, மண்டபத்துக்குப் பக்கத்தில் கதிரைகள் அடுக்கும் சிறிய அறையை எனக்கு வாங்கித் தந்தார். வியாழன் பின்னேரங்களில் அங்கே ஒரு சனமும் இருக்காது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு வீட்டில் உள்ளி பொரியும் மணம் வரும். தட்டும் கரண்டியும் கலகலக்கும். நான் கம்பளத்தை விரித்து, நகரத்தை அடுக்கி, மூன்று கூட்டங்களையும் நானே நடத்தி, எல்லா வீட்டையும் பார்த்துவிட்டுக் கட்டையை உருட்டுவேன். ஒருதடவைதான். விழாவிட்டால் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவேன்.

தாள் எழுதினேன். 'இந்தக் கிழமை கிழக்குத் துறையில் தேடினோம். கிடைக்கவில்லை.' எழுத அதிகமில்லை. வாசிக்கிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். குறையவில்லை. முன்பு தளபதியைப் பற்றிக் கேட்டுச் சிரித்தவர்கள் இப்போது தாளை வாங்கி, தனியே ஒதுங்கி நின்று வாசித்துவிட்டு, மடித்துத் திருப்பித் தருவார்கள். யார் யார் வீட்டில் யார் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

ஞாயிறு பின்னேரம் ஸ்தாசியோனேக்குப் போய்க் போன் காட் போட்டு மொதெனாவுக்கு அடிப்பேன்.

"தேடினியோ?"

"ஓம், அண்ணை."

"நல்லது." பிறகு குளிரைப் பற்றிக் கதைப்பார்.

பல்லரோவில் கூனைப்பூக்கள் முடிந்து அவரைக்காய் வரத் தொடங்கிய ஒரு வியாழன். எல்லா வீடும் பார்த்தாயிற்று. கட்டையை உருட்டினேன். ஒன்று உடனே நின்றது. ஆறு. மற்றது கம்பளத்தின் மடிப்பில் சுழன்று சுழன்று விழுந்தது.

ஆறு.

கூப்பிட்டுக் காட்ட ஒருவரும் இல்லை. அடுக்கிய கதிரைகளைப் பார்த்தேன். கட்டையைத் தொடப் பயந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு அப்படியே எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல், ஞாயிறுவரை பொறுக்காமல், ஸ்தாசியோனேக்கு ஓடினேன்.

அவர் வீட்டில் இருந்த யாரோ எடுத்து, அவரைக் கூப்பிட்டார்கள். மாடிப்படியில் அவர் இறங்கிவரும் சத்தம் கேட்டது.

"என்ன றெஜினோல்ட், இண்டைக்கு?"

"அண்ணை, கிடைச்சிட்டான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"நேராய்ச் சொல்லு. உருட்டினதோ, நீ வைச்சதோ?"

"உருட்டினது, அண்ணை. மடு மாதா ஆணை."

பின்னால் ரயில் அறிவிப்பு ஒலித்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"எப்பிடி இருக்கிறான்?"

நான் யோசிக்கவில்லை. "மெலிஞ்சு போனான், அண்ணை. வேறை ஒண்டுமில்லை."

"எங்கை இருந்தவனாம்?"

"கப்பலுக்குக் கீழை. பயத்திலை வெளிய வரேல்லையாம்."

"சாப்பாடு குடுத்தனீங்களோ?"

"குடுத்தம், அண்ணை. சோறும் மீனும்."

"தின்னட்டும்" என்றார். "ஆறுதலாய்த் தின்னட்டும். ஒண்டும் கேளாதையுங்கோ அவனை."

அமலதாசைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அன்றும் அவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் காட் முடியும்வரை இருவரும் சின்னவனைப் பற்றியே கதைத்தோம். முழுக்காட்டியதா, காயம் ஏதும் உண்டா, நித்திரை கொள்கிறானா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் சொன்னார்:

"இனி அவனைச் சண்டைக்கு விடாதை, என்ன. வீட்டை அனுப்பிவிடு."